கலந்தர் இருக்கும் மாவட்டம்

“அப்ப நான் இன்னும் புத்தளத்திலைதான் இருக்கிறன் எண்டு உது சொல்லுதோ, பிள்ளை?”

“ஓம் ஐயா. கணினியிலை அப்பிடித்தான் கிடக்கு.”

“நான் உமக்கு முன்னாலை கதிரையிலை இருக்கிறதை உதுக்குச் சொல்லும்.” கலந்தர் தானே சிரித்தார். பக்கத்திலிருந்த மனைவி ஜலீலா சிரிக்கவில்லை.

திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் இருந்த அந்தக் கண் சிகிச்சை நிலையத்தில் நோயாளர் பதிவுகளைப் பார்ப்பவள் கீர்த்திகா. கலந்தருக்குக் கருவிழி மாற்ற வேண்டும். புத்தளக் கிளையில் பதிந்து நெடுங்காலம் காத்திருந்தவர், தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு தான் வெளியேற்றப்பட்ட, பிறந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவந்து, முகவரியையும் மாற்றச் சொல்லியிருந்தார். ஆனால் போன கிழமை தானமாக ஒரு கருவிழி கிடைத்தபோது அழைப்பு புத்தளத்திலிருந்தே வந்தது. பஸ் பிடித்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அது அடுத்தவருக்குப் போய்விட்டது.

பிழை எங்கே என்று கீர்த்திகாவுக்குத் தெரியும். எல்லாக் கிளைகளின் பெயர்களும் ஒரே அட்டவணையில் குவிந்து கணினி திணறியதால், அவள்தான் அதை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தாள். தேடல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது; எல்லோரும் பாராட்டினார்கள். பழைய மென்பொருளை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு பிரிவில் இருக்கும் ஆளை இன்னொன்றுக்குக் கொண்டுபோக அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. கலந்தரின் முகவரியை மாற்றிய ஒவ்வொரு முறையும் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிட்டு, அவரைப் புத்தளத்திலேயே விட்டுவைத்தது.

பிரித்ததை மறுபடி ஒன்றாக்க எல்லாக் கிளைகளையும் ஒரு நாள் நிறுத்த வேண்டும். தலைமையகம் மறுத்துவிட்டது. சிலருக்குத்தானே பிரச்சினை, அங்கே அழித்துவிட்டு இங்கே புதிதாகப் பதியச் சொன்னார்கள். புதிதாகப் பதிந்தால் மென்பொருள் புது எண்தான் கொடுக்கும்; கலந்தர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். கீர்த்திகா இதை மேசையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

கலந்தர் திரையின் வெளிச்சத்தை நோக்கி மெல்லக் குனிந்தார். பால் படர்ந்த அவர் கண்களில் அந்த வெள்ளைச் சதுரம் விழுந்து, எதையும் எழுப்பாமல் அப்படியே கிடந்தது.

“இஞ்சை திரும்பி வந்த நாளையிலையிருந்து,” என்றாள் ஜலீலா, “போற இடமெல்லாம் எங்களைப் புதுசா வந்த ஆக்கள் எண்டுதான் எழுதினவை. நாங்களும் ஓம் எண்டு கையெழுத்து வைச்சம்.” அவள் கணவனின் தோளைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள்.

“இதிலை மட்டும் வேண்டாம், மகள். அங்கை அழிக்காமல் இவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வாரும்.”