வாபஸ் மனு

ஆலங்காயத்துக்கு மேலே மலைச்சரிவில் மாதையனுக்கு இரண்டு துண்டு நிலம் இருந்தது. சாமை விதைக்கிற மேட்டுக் கொல்லை ஒன்று, கிணற்றோடு கீழ்க் கொல்லை ஒன்று. இரண்டும் தன்னுடையவை என்று அடிவாரத்து ராஜாக்கண்ணு திருப்பத்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மாதையனுக்கு வக்கீல் வாணியம்பாடி மஜீத். மலைக்காரர்களின் வழக்கை முகம் சுளிக்காமல் எடுப்பவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

1964 ஆவணியில் விசாரணை நாளன்று மஜீத் வரவில்லை. அவரைத் தேடி மாதையன் ரோட்டுக்குப் போன நேரத்தில் உள்ளே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது ராஜாக்கண்ணு பக்கம் தீர்ப்பாகியிருந்தது.

பஸ்ஸில் ஆலங்காயம் வந்து இறங்கியதும் மனு எழுதும் துரைக்கண்ணுவிடம் ஆத்திரம் தீரச் சொன்னான். வக்கீல்களைக் கேள்வி கேட்க மெட்ராஸில் பார் கவுன்சில் இருக்கிறது, அங்கே எழுதினால் தப்பு செய்தவர் கறுப்புக் கோட்டுப் போட முடியாது என்றார் துரைக்கண்ணு. இரண்டு பக்கம் எழுதினார். மாதையன் ரேகை வைத்தான். தபால் போய்விட்டது.

பத்து நாள் கழித்து மஜீத் ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டார். மனைவி அமீனாவுக்குப் பிரசவத்தில் குழந்தை தவறிப்போய், அவளும் பிழைப்பாளா என்று தெரியாமல் வேலூர் ஆஸ்பத்திரியில் அவர் நான்கு நாள் கிடந்திருக்கிறார். வந்ததும் முதல் வேலையாக, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டுவிட்டார். வழக்கு மறுபடி உயிர்பெறும் என்றார்.

மாதையன் நின்றபடியே தான் செய்ததைச் சொன்னான். "புகார் வேணாம்னு எழுதிப் போடு. ஏத்துக்குவாங்களான்னு தெரியாது" என்றார் மஜீத்.

எழுதிப் போட்டான். பதில் வந்தது. புகாரைத் திரும்பப் பெறுவதால் மட்டும் விசாரணை நிற்காது, ஒரு வக்கீலின் நடத்தை இரண்டு பேருக்கு நடுவிலான விவகாரம் அல்ல, புகார்தாரர் நேரில் ஆஜராக வேண்டும் என்று இருந்தது.

அவன் மனைவி திரௌபதிக்கு அது பிடிபடவில்லை. "நீ குடுத்த மனுவ நீயே வேணாங்கற. அப்பறம் அவங்களுக்கு இன்னாத்துக்கு அது?" என்று கேட்டாள்.

மூன்று முறை மெட்ராஸ் போனான். மலையிறங்கி, பஸ் பிடித்து, வாணியம்பாடியில் ரயிலேறினான். முதல் முறை விசாரணைக் கமிட்டியின் மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை அன்றைய வேலையே முடியவில்லை. வக்கீலாகப் புதிதாகப் பதிவு செய்ய வந்த இளைஞர்கள் புது அங்கியில் வரிசையாக உள்ளே போய், சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். வக்கீல் பதிவை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கேட்டு வந்தவர்கள் காகிதங்களோடு காத்திருந்தார்கள். பெஞ்சின் ஒரு கோடியில் மாதையன், மறு கோடியில் மஜீத். சாயங்காலம் வேறு தேதி கொடுத்தார்கள். இருவரும் ஒரே ரயிலில் திரும்பினார்கள்.

மூன்றாம் முறைதான் கூப்பிட்டார்கள். கமிட்டித் தலைவர் கடுமையானவர் அல்ல. துரைக்கண்ணு எழுதிய மனுவை நிதானமாக உரக்க வாசித்தார். எதிர்க்கட்சிக்காரரோடு சேர்ந்துகொண்டு வக்கீல் வேண்டுமென்றே வராமலிருந்தார் என்று அதில் இருந்தது.

மாதையன் முன்னால் வந்தான். "ரேகை என்னுதுதாங்க. ஆனா வக்கீலய்யா வரலன்னு மட்டுந்தாங்க நான் சொன்னேன். சேந்துக்கினாருன்னு சொல்லலீங்க" என்றான்.

அதைக் குறித்துக்கொண்டு தலைவர் மஜீதிடம் திரும்பினார். வர முடியாது என்று கோர்ட்டுக்கோ கட்சிக்காரருக்கோ ஒரு தந்தியாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் மஜீத். இன்னொரு வக்கீலையாவது அனுப்பினீர்களா? அதற்கும் இல்லை என்றார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சதி செய்தார் என்ற குற்றம் தள்ளுபடியாயிற்று. சொல்லாமல் வராதது நின்றது. அதற்கு மூன்று மாதம் வக்கீல் தொழில் செய்யத் தடை.

மறுபடி எடுக்கப்பட்ட நில வழக்கின் விசாரணை அந்த மூன்று மாதத்துக்குள் வந்தது. மஜீத் தெரிந்த வக்கீல்களிடம் சொல்லிப் பார்த்தார். மாதையனும் அவர்கள் வீட்டுப் படியேறினான். பெயரைக் கேட்டதுமே, மெட்ராஸுக்கு எழுதிப் போட்டவன்தானே நீ என்றார்கள். ஒருவர்கூட வழக்குக் காகிதங்களை வாங்கிப் பார்க்கவில்லை. வாய்தா கேட்டான். ஏற்கெனவே இழுத்துவிட்டது என்று முன்சீப் மறுத்துவிட்டார்.

அன்று கூண்டில் தனியாக நின்றான். மஜீத் வெள்ளைச் சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்க அவருக்கு உரிமையில்லை. ராஜாக்கண்ணுவின் வக்கீல், கிணறு யார் வெட்டியது, எந்த வருஷம், ரசீது எங்கே என்று மாற்றி மாற்றிக் கேட்டார். வெட்டியது தன் அப்பன் என்று சொன்ன மாதையன் வருஷத்தைத் தப்பாகச் சொன்னான். திருத்தப் போய் இன்னொன்றைத் தப்பாகச் சொன்னான். கடைசி பெஞ்சில் மஜீத் தலை குனிந்துகொண்டது அங்கிருந்தே தெரிந்தது.

மேட்டுக் கொல்லை அவனுக்கு நின்றது. கீழ்க் கொல்லை கிணற்றோடு போயிற்று.

வெளியே புளியமரத்தடியில் மஜீத் அவனருகே வந்து நின்றார். இன்னும் பதினெட்டு நாளில் தடை முடிகிறது, அப்பீலுக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது, தானே போடுவதாகச் சொன்னார்.

"எத்தினி வருஷம் ஆவுங்க?" என்று கேட்டான் மாதையன்.

"சொல்ல முடியாது, மாதையா."

இந்த வழக்கை எடுக்க வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. போடுங்கய்யா என்று சொல்லிவிட்டு மாதையன் பஸ்ஸுக்கு நடந்தான்.