பத்தாயிரத்து நானூற்று மூன்று

செருப்புக் காலோடு பின்னால் நகர்ந்து போட்டோ எடுக்கச் சொல்லி யார் வஹீதாவைக் கேட்டார்கள்? காலடியில் 'படக்'கென்று ஒரு சத்தம். கடைசி வரிசையின் மூலையிலிருந்த அகல் விளக்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"யா அல்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியின் மைதானம் அது. நூற்றிரண்டு வரிசை, வரிசைக்கு நூற்றிரண்டு விளக்கு, மொத்தம் 10,404. வேறொரு ஊர்ப் பள்ளியின் சாதனை 10,400. நாலே நாலு விளக்கில் அதை முறியடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவளும் வஹீதாதான். பிள்ளைகள் காலையிலிருந்து வெயிலில் காய்ந்து அடுக்கியிருந்தார்கள்.

பி.டி. மாஸ்டர் ஜெயக்குமார் கழுத்தில் விசில் ஆட ஓடி வந்தார். "என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க!"

"தெரியாம மிதிச்சுட்டேன் சார். வேற ஒண்ணு வெச்சிரலாமா?"

சாதனையைப் பதிவு செய்ய வந்திருந்த பெலிண்டா உதட்டைப் பிதுக்கினார். "எண்ணி முடிச்ச பிறகு புதுசா எதுவும் உள்ள வரக்கூடாதுங்க. எல்லா வரிசையும் சமமா இருக்கணும், நடுவுல ஓட்டையும் இருக்கக்கூடாது."

"அந்தக் கடைசி வரிசையையே எடுத்துட்டா?" என்றார் ஜெயக்குமார்.

"10,302தான் வரும். தோத்துருவோம் சார்" என்றாள் வஹீதா.

ஜெயக்குமார் போனை எடுத்து 10,403-ஐ வகுக்க ஆரம்பித்தார். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை, பதிமூன்றிலும் மீதி. "சனியன் பிடிச்ச நம்பர், எதுலயும் வகுபட மாட்டேங்குது!"

வஹீதா நிமிர்ந்தாள். வருஷா வருஷம் பிள்ளைகளைத் திட்டித் திட்டி மனப்பாடம் செய்யவைத்த பாடம் அது. ஒரு எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தின எண்ணையும் பிந்தின எண்ணையும் பெருக்கியது வரும். 102-ன் வர்க்கத்தில் அவள் செருப்பு கழித்தது ஒன்றைத்தானே!

"கடைசி வரிசையைத் தூக்குங்கடி! மத்த ஒவ்வொரு வரிசை ஓரத்துலயும் ஒண்ணொண்ணா வெச்சுட்டே போங்க!"

பிள்ளைகள் பறந்தார்கள். தூக்கிய விளக்குகள் நூற்றியொன்று, மீதி வரிசைகளும் நூற்றியொன்று. எல்லாம் வைத்து முடித்தபோது எவள் கையிலும் விளக்கு இல்லை, எங்கும் ஓட்டை இல்லை. நூற்றியொரு வரிசை, வரிசைக்கு நூற்று மூன்று.

பெலிண்டா சுற்றி வந்து சரிபார்த்தார். "10,403. புது சாதனைங்க!"

மைதானமே அதிர்ந்தது. வஹீதா பிள்ளைகளோடு சேர்ந்து வெட்கமே இல்லாமல் குதித்தாள்.

"வேற மாதிரி அடுக்கியிருக்க முடியாதா டீச்சர்?" என்று கேட்டார் ஜெயக்குமார்.

"ஒரே நீள வரிசையா வெக்கலாம். அதை விட்டா இந்த ஒரு வழிதான் சார். 101, 103 ரெண்டுமே பகா எண்."

"இன்னொண்ணும் உடைஞ்சிருந்தா?"

மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். "பதினாலு வரிசை, வரிசைக்கு எழுநூத்தி நாப்பத்து மூணு. கொள்ளிடம் வரைக்கும் அடுக்கணும்."

ஜெயக்குமார் திரும்பி விசிலை ஓங்கி ஊதினார். "விளக்கேத்தப் போறோம்! ஒருத்தர் விடாம செருப்பைக் கழட்டுங்க!"

முதலில் கழற்றியவள் வஹீதா.