தரணீதரன் பெயர் வந்த நான்கு இடங்கள்

பழனியம்மாள் தன் மகன் தரணீதரனுக்காக அழுத ஒப்பாரி, அவன் போன ஐந்தாவது மாதம், பனியன் கம்பெனியின் டீ இடைவேளையில் யாரோ ஒரு பெண்ணின் செல்போனில் கேட்டது. துணி செக்கிங் மேசை ஓரமாக நின்றிருந்த பழனியம்மாள் டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். அவன் போன பிறகுதான் இந்தக் கம்பெனிக்கு வந்திருந்தாள்; மகனைப் பற்றி இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பல்லடம் ரோட்டில் பஸ் மோதிச் செத்த பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பெயரை முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இது மைக் செட் அருள்செல்வனின் வேலை. துக்க வீட்டில் தன் மைக்கிலேயே பதிவுசெய்து, பாட்டு பகிரும் ஒரு சமூக வலைதளத்தில் போட்டிருந்தான். போடட்டுமா என்று அவளிடம் கேட்கத்தான் செய்தான். சொந்தபந்தம் நாலு பேர் கேட்பார்கள் என்று நினைத்து அவளும் தலையாட்டியிருந்தாள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம், பூட்டு கிடையாது என்று அவன் எழுதியதை அவள் எங்கே கண்டாள்? சும்மா கிடைத்தால் நம் ஜனம் விடுமா? சோமனூரிலிருந்து மடத்துக்குளம்வரை எழவு விழுந்த வீட்டிலெல்லாம் அதுதான் ஓடியது.

அன்று சாயங்காலமே போய் எடுத்துவிடச் சொன்னாள். அருள்செல்வன் இரக்கமில்லாதவன் அல்ல. தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ற பக்கத்துல இருந்து எடுத்துப்போடறனுங்க அக்கா. ஊரெல்லாம் போனதை எப்படீங்க புடிக்கறது?"

"அப்ப அவன் பேரையாவது எடுத்துரு சாமி. எழவூடு எழவூடா எம்பையனை இழுத்துட்டுத் திரிய வேண்டாம்."

பாட்டில் அந்தப் பெயர் நான்கு இடத்தில் வந்தது. நான்கையும் வெட்டியெடுத்து, அந்த இடங்களைச் சத்தமில்லாமல் விட்டு, பெயரில்லாத பாட்டை வலைதளத்தில் போட்டு, பழையதை அழித்துவிடுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சி எழுதினான். மற்ற மைக் செட்காரர்களுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. இப்போது எந்த வீட்டுக்கும் பொருந்தியது.

தை மாதம் சூப்பர்வைசர் திருமூர்த்தியின் மகள் கீர்த்தனா காய்ச்சலில் போய்விட்டாள். கம்பெனியே திரண்டு போனது. பந்தலுக்குள் நுழையும்போதே பழனியம்மாளுக்குத் தன் குரல் கேட்டது. திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அதற்குள் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

கீர்த்தனாவின் அம்மா சித்ரகலா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி ஒரு நொடி ஊமையானது. அங்கே தன் மகன் இருந்தான் என்பது அந்தப் பந்தலில் பழனியம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவனைத் தானே வெளியே தள்ளிவிட்டதுபோல் இருந்தது. அந்த நொடியில் சித்ரகலா, "கீர்த்தனா" என்று கூப்பிட்டாள். பழனியம்மாளுக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை இருந்த இடத்தில் இன்னொரு பிள்ளையா என்று பொறாமைகூட வந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் வந்தது.

இரண்டாவது இடத்திலும் சித்ரகலா கூப்பிட்டாள். மூன்றாவதில் பாதிப் பெயர்தான் வந்தது. பழனியம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான்காவதில் சித்ரகலாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பழனியம்மாள் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் மகனின் பெயர் இருந்த அந்த இடத்தில், "கீர்த்தனா" என்று கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் அழுகிற குரலும் அவள் குரலும் ஒன்றுதான் என்று அப்போதுதான் பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.