வெள்ளையடித்த கை

இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறேன். இந்த ஊரில் எந்த வீட்டுப் படி வழுக்கும், எந்த நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது.

நூலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி, ஊர்க்காரர்களின் பழைய புகைப்படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கக் கிளம்பினாள். படத்தில் உள்ள கட்டடம் எது என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் நின்று புதுப் படம் எடுப்பது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வீட்டில் சாப்பாடு உண்டு. முப்பத்தொன்பது படங்களை ஊதித் தள்ளிவிட்டேன். நாற்பதாவதைக் கொண்டுவந்தவர் எட்டாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டரம்மா.

படத்தில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. இடப்பக்கம் வெளிப்படிக்கட்டு, மேலே வட்ட ஜன்னல். படிக்கட்டின் கைப்பிடிச் சுவருக்கு ஒரு பெண் இடது கையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா. எனக்கு ஒரு வயசு இருக்கும்போதே போயிட்டாங்க. வேற படமே கிடையாது" என்றார் கண்டக்டரம்மா. "எனக்கும் இடது கைதான் சார். ஸ்கூல்ல அந்தக் கையிலயே அடிப்பாங்க. வீட்டுக்கு வந்து இந்தப் படத்தப் பாப்பேன். எங்கம்மாவே இப்படித்தான், உனக்கென்ன வந்துச்சுன்னு வாத்தியார மனசுக்குள்ள திட்டுவேன். அவங்க நின்ன இடத்துல ஒரே ஒரு தடவ நிக்கணும்."

"ஒரு வாரம் டைம் குடுங்கம்மா" என்றேன் ஜம்பமாக.

மூன்று வாரம் ஓடிவிட்டது. இடப்பக்கம் படிக்கட்டு வைத்த வீடு ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. வட்ட ஜன்னலைக் காணோம். "அப்படி ஒரு கட்டடமே இந்த ஊர்ல இல்ல" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க. கட்டடத்து மேல ஏன் பழியப் போடுறீங்க?" என்றாள்.

அந்தக் கோபத்தோடு முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் துணியைக் கட்டி, கத்தரி பாதித் தலையைக் கடந்தபோது, எதிரிலிருந்த கண்ணாடியில் அந்த வீடு தெரிந்தது. இடப்பக்கம் படிக்கட்டு. மேலே சிமெண்ட் பூசி அடைத்த ஒரு வட்டம். சட்டென்று தெருப்பக்கம் திரும்பினேன். நேரில் படிக்கட்டு வலப்பக்கம் இருந்தது.

"ஆடாதீங்க, காது போயிரும்" என்றார் கடைக்காரர்.

பாதி வெட்டிய தலையோடு நூலகத்துக்கு ஓடினேன். மனைவி சிரித்து முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "நெகட்டிவ்வத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பாங்க. ஸ்டுடியோவுல அப்பப்ப நடக்குற தப்புதான்" என்றவள், படத்தில் வெள்ளையடிக்கும் கைமேல் விரலை வைத்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீடு இடம் வலம் மாறியிருந்தால் கையும் மாறியிருக்கும். அந்த அம்மா வெள்ளையடித்தது வலது கையால்.

ஒரு பிள்ளை இத்தனை காலமாகப் பற்றிக்கொண்டிருந்த கை அது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

"கிடைக்கலன்னு சொல்லிடட்டுமா?"

"நின்னு பாக்கணும்னுதான கேட்டாங்க. அதத் தரமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டரம்மாவை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனேன். வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பிறகு தன் இடது கையைப் பார்த்தார். மூன்றாம் படியில் ஏறி நின்று, அந்தக் கையாலேயே கைப்பிடிச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவினார்.

"மன்னிச்சிருங்கம்மா. கண்காட்சியில படத்த இப்படியே மாட்டட்டுமா, சரியாத் திருப்பி பிரிண்ட் போட்டு மாட்டட்டுமா?" என்றேன்.

"அங்க சரியாவே மாட்டுங்க. என் வீட்டுல இருக்குறது இருக்குற மாதிரியே இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒழுங்கா பிரிண்ட் போட்டிருந்தா, அடி வாங்கின அன்னைக்கெல்லாம் நான் தனியாதான சார் இருந்திருப்பேன்? தப்பாப் போட்ட அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்."