தனக்காக வந்து உட்கார்ந்தவள்

கடைப் பலகைகளில் எழுத்து எழுதுவது அவன் தொழில். ஒரு துணிக்கடையின் நெற்றியில், எழுதி முடித்த பெயருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவன் நின்றிருந்த சாரம் சரிந்தது. அதன்பிறகு அவன் இருந்த இடத்துக்குத் தரை கிடையாது. எழுத்துகள் மிதந்தன. மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, வால் நீண்ட ஒன்று. மீன்களைப் போல அவனை முகர்ந்துவிட்டுப் போயின. எங்கோ மேலே வெளிச்சம் நெளிந்தது. அங்கிருந்து குரல்கள் மெல்ல இறங்கி வந்தன.

டாக்டர்கள் அதை ஆழ்ந்த மயக்கம் என்றார்கள். அவனுக்குக் காது கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு குரல் அக்காவுடையது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். ‘உன்னாலதான் நான் மேல படிக்கல’ என்பதைச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறியவள். கோபமாகச் சொல்ல மாட்டாள், உப்பு வேணுமா என்று கேட்பதுபோல் சொல்வாள். இப்போதும் அவள் கட்டிலருகே பேசும்போதெல்லாம் நனைந்த கம்பளி ஒன்று அவன் மார்பில் வந்து படியும்.

மற்றது மனைவியின் குரல். அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். காலையில் நீச்சல் குளத்தில் பிள்ளைகளை மிதக்கவைத்துவிட்டு ஈரத்தலையோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள். குளத்து மருந்தின் வாசனை வந்ததும் எழுத்துகள் வேகமாக நீந்தும்.

ஒரு மத்தியானம் அக்கா தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

“இவன் இப்படிக் கெடக்கறான். உனக்கு நீச்சல் கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். நீ உன் வேலைய விடல, தூக்கத்த விடல. இதுக்குப் பேரு என்ன?”

“சுயநலம்னு நீங்க சொல்வீங்க. சொல்லிக்கோங்க, தப்பில்ல. நான் இங்க வர்றதும் அதாலதான். இவர் எனக்கு வேணும். இவர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கல.”

கீழே, ஒரு சிவப்பு எழுத்து அவன் தோளில் வந்து அமர்ந்தது.

“நாளைக்கே வேணாம்னு தோணினா? எழுந்து போயிடுவியா?” என்றாள் அக்கா.

பக்கத்துக் கட்டில் பெரியவர் தண்ணீர் கேட்டார். மனைவி எழுந்து போய் அவர் தலையைத் தாங்கிக் குடிக்கவைத்துவிட்டு வந்தாள்.

“தோணறது வேற, வேணுங்கறது வேறக்கா. விடியறப்ப அந்தக் குளிர்ல தண்ணில இறங்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. ஆனா எனக்கு எது வேணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன். அதனால இறங்கறேன்.”

“இப்ப அவருக்குத் தண்ணி குடுத்தியே, அதுவும் உனக்காகவா?”

“தாகத்துல ஒருத்தர் கேக்கறப்ப திரும்பி உக்காந்துக்கற பொம்பளையா இருக்க எனக்குப் பிடிக்கல.”

“எல்லாத்தையும் உனக்குன்னே சொல்லிட்டா அப்புறம் அந்த வார்த்தைக்கு அர்த்தம்தான் என்ன? திருடனும் தனக்காகத்தான் திருடறான்.”

அந்தக் கேள்வி வலுவானதுதான் என்று ஆழத்தில் கிடந்தவனுக்கே பட்டது. மனைவியின் நாற்காலி கிறீச்சிட்டது.

“அவன் அடுத்தவங்களோடத எடுக்கறான். நான் யாரோடதையும் எடுக்கல. என்னோடதையும் யாருக்காகவும் தூக்கி எறியல. அப்படி எறிஞ்சிட்டு வந்தா இவர் எழுந்ததும் சொல்லிக்காட்டத் தோணும். உன்னாலதான்னு ஒரு வார்த்தை வரும். அது இவர் தலைல ஏறி உக்காரக் கூடாது.”

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெகுநேரம் திரும்பவில்லை. மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவன் விரல்களைப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஒரு காலையில் முதுகின் கீழே மெத்தை இருப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தான். வெளிச்சத்துக்கு நடுவே அக்காவின் முகம், வாய் பிளந்தபடி.

மனைவி குளத்தில் இருந்தாள். செய்தி கேட்டு, தலைகூடத் துவட்டாமல் ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவனுடைய முதல் பார்வை தனக்குக் கிடைக்காமல் போனது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு வந்து அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“வருத்தமா?” என்று கேட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது.

“ரொம்ப.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனா நாளைக்கும் போவேன்.”

“போ” என்றான்.

‘பாத்தியா, அவ இல்ல, நான்தான் இருந்தேன்’ என்று அக்கா தொடங்குவாள் என அவன் காத்திருந்தான். பழக்கத்தில் மார்பை இறுக்கிக்கொண்டான்.

அக்கா தொடங்கத்தான் தொடங்கினாள். “நான்தான்டா மொதல்ல பாத்தேன். இமை ரெண்டு தடவ துடிச்சுது. நர்ஸைக்கூட நான் உடனே கூப்பிடல. கொஞ்ச நேரம் நான் மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன்.” சொல்லிவிட்டு, அலமாரிக்குள் கைவிட்டு இனிப்பை எடுத்துத் தின்ற குழந்தையைப் போலச் சிரித்தாள். “எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

அவள் தன் சந்தோஷத்தைத் தன்னுடையது என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பு எவ்வளவு லேசாக இருந்தது என்றால், அதைக் கேட்டபடியே அவன் தூங்கிப்போனான். இரண்டு பெண்களும் பதறி அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தூக்கம்தான். குறட்டைகூட வந்தது.