பேருந்துக் கேமராவும் நெட்டையண்ணனின் தூக்கமும்

"வண்டி ஓட்டும்போது தூங்குறீங்க. கேமரா சொல்லுது," என்றார் டிப்போ மேலாளர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வண்டி கழுவத்தான் போகணும்."

நெட்டையண்ணனுக்குத் தலை சுற்றியது. பேருந்தில் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்ததிலிருந்து அது ஓட்டுநரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இமை சொருகினால் கத்துமாம். சத்தியமாக அது கத்தி அவர் கேட்டதே இல்லை. குழப்பமே அங்கேதான். கத்தியும் காதில் விழவில்லை என்றால், அடக் கடவுளே, அவ்வளவு அசந்தா தூங்கியிருக்கிறோம்?

மனைவியிடம் கேட்டார். "நான் தூங்கினா எனக்கே தெரியாதா?"

"குறட்டை விட்டுக்கிட்டே, முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்ற ஆளு நீங்க. உங்களை எப்படி நம்புறது?"

நல்ல ஆளிடம் கேட்டார் போங்கள்! அதன் பிறகு அவருக்குத் தன் கண்மீதே சந்தேகம். தொடையைக் கிள்ளிக்கொண்டும் கண்ணை உருட்டிக்கொண்டும் ஓட்டினார். முன்சீட்டுப் பெண்மணி பயந்துபோய்ப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

பாதி வழியில் வண்டியை மாப்பிள்ளையிடம், அதாவது அடுத்த ஓட்டுநரான தங்கையின் கணவனிடம், ஒப்படைத்துவிட்டு ஓய்வறைக்குப் போவது வழக்கம். அன்று மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

"மச்சான், மேலாளர் என்னைப் பாராட்டினாரு. என் பேர்ல ஒரு புகார்கூட இல்லையாம்."

"உன்கிட்ட அந்தப் பெட்டி கத்தினதே இல்லையா?"

"கத்தாம என்ன? தினமும்தான் கத்தும். அதுக்கு வேற என்ன வேலை?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் மாறும்போது வண்டியை அணைத்து, மறுபடி கிளப்பி, கேமராவுக்குப் புது முகத்தைக் காட்டவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அணைத்தால் ஏசி நின்றுவிடும், பயணிகள் சண்டைக்கு வருவார்கள். அதனால் இருவருமே அணைத்ததில்லை. பெட்டியின் கணக்கில் கடைசிவரை ஓட்டுவது நெட்டையண்ணன்தான்.

"மாப்ள, அப்போ தூங்கினது நீயா!"

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. "ராத்திரியெல்லாம் குழந்தை அழுது மச்சான். கண்ணு சொக்கும், அது கத்தும், முழிச்சுக்குவேன். வெளியில சொல்லிடாதீங்க. வேலை போனா உங்க தங்கச்சி என்ன பண்ணுவா?"

"அது கத்தலேன்னா?"

நெட்டையண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மீதி வழியையும் தானே ஓட்டினார். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் மாப்பிள்ளை வாயைப் பிளந்து தூங்கிப்போனான். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

டிப்போவில் மேலாளர் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. நெனச்சா உங்களால முழிச்சிருக்க முடியுது!"

தலையாட்டியிருந்தால் அன்றைக்கு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சார், தூங்கினது நான் இல்ல. என் மாப்பிள்ளை."

பேருந்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். தங்கை குடும்பத்தில் மண்ணை அள்ளிப் போட்டோமா, இல்லை அவள் புருஷனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினோமா? நெட்டையண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.