பெரியவள் போட்ட ஏழு இலை

சின்னவளுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. குணத்தைச் சொல்லவில்லை, உத்தியோகத்தைச் சொல்கிறேன். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. காலர் கொஞ்சம் கோணினாலும், பட்டன் ஒரு நூல் தள்ளி நின்றாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினோரு வருடமாக இதையே செய்வதால் உத்தியோகம் எங்கே முடிகிறது, குணம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. புருஷன் குளித்து உடுத்தி வந்து நின்றால்கூட மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பாள். "ஸ்டிக்கர் ஏதாவது இருக்கா, இல்ல நான் கெளம்பலாமா?" என்பான் அவன்.

அப்படிப்பட்டவள் மனசாறச் சிரிப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான். ஃப்ரேமில் இறுக்கிய துணி, பழைய பிஸ்கட் டப்பா நிறைய வண்ண நூல், ஊசி. விற்பதற்கும் இல்லை, போட்டிக்கும் இல்லை, பிடித்திருக்கிறது, போடுகிறாள். அந்த வீட்டில் பூப் போடாத தலையணை உறை கிடையாது. மிக்ஸிக்கு மாட்டிய உறையில்கூட ஒரு குருவி உட்கார்ந்திருக்கும்.

மாடியில் குடியிருக்கும் ஓர்ப்படி, அதாவது புருஷனின் அண்ணன் மனைவி, இதைக் கேலி பண்ணியே பொழுதைப் போக்கியவள். "அசந்து தூங்கினா என் முதுகுலயும் ஒரு ரோஜா போட்டுருவா" என்பாள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். தபால் அலுவலகக் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்து, முத்திரையைப் படபடவென்று குத்தித் தள்ளியவள். போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சுக்கும் பாதகமில்லை, சொல்லப்போனால் வாய் முன்பைவிட ஜாஸ்தி. வலது கை மட்டும் அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சின்னச் சின்ன வேலையாகக் கொடுக்கச் சொன்னாள். அடுத்த ஞாயிறே பெரியவள் படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி வந்தாள்.

"எனக்கும் ஒரு ஊசி குடுடி. கேலி பண்ணின பாவத்தை அனுபவிக்கறேன்."

நாத்தனார் புது வீட்டுக்குக் குடி போகப்போகிறாள், அவளுக்கு ஒரு மேசை விரிப்பு போடலாம் என்று முடிவானது. வெள்ளைத் துணியில் இரண்டு கிளைகள். கிளைக்கு ஏழு இலை. வலப்பக்கக் கிளை சின்னவளுக்கு, இடப்பக்கக் கிளை பெரியவளுக்கு. சின்னவள் தன் பங்கை இரண்டே ஞாயிறில் முடித்துவிட்டுத் தலையணை உறைக்குப் போய்விட்டாள். பெரியவளுக்கு முதல் இலைக்கே மூன்று வாரம் ஆனது. ஒரு பிற்பகலில் ஊசி நாற்பத்திரண்டு முறை கீழே விழுந்தது. எண்ணியது பெரியவளேதான். ஒவ்வொரு முறையும் ஊசியின் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்து ஒரு வசவு விட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாவம் பார்த்து இடது கையால் போடச் சொன்னால் கோபம் வரும். "கவுண்டருக்குத் திரும்பப் போகணும்டி. லீவு முடியறதுக்குள்ள இந்தக் கையை வழிக்குக் கொண்டு வரேனா இல்லையா பாரு."

நாலரை மாதம் ஆனது. கடைசி இரண்டு இலையை மாடியிலேயே உட்கார்ந்து போட்டாள். ஒரு திங்கட்கிழமை மாலை, விரிப்பை மடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"முடிஞ்சிது! துவைச்சு, இஸ்திரி போட்டு வை. ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டுப் போவோம்."

மறுநாள் சின்னவளுக்கு விடுப்பு. காலையில் எல்லாரும் வெளியே போன பிறகு விரிப்பை மேசைமேல் விரித்தாள். முதல் இலை அவளைப் பார்த்து முறைத்தது. ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் துணியைச் சுருக்கி இழுத்து, பென்சில் கோட்டை இரண்டு இடத்தில் தாண்டியிருந்தது. இரண்டாவது இலையில் நூல் முடிச்சு முன்பக்கமே தெரிந்தது.

நாத்தனாரை நினைத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் திரைச்சீலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் மனுஷி. நாலு பேர் நடுவில் ஏதாவது சொல்லிவிட்டால் அக்கா கூனிக்குறுகிப் போவாளே என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல எண்ணம்தான், ஆனால் பாதிதான் உண்மை. இந்தக் குடும்பத்தில் எம்பிராய்டரி என்றால் தன் பெயர்தான் என்பது மீதிப் பாதி. அதை அவள் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னக் கத்தரியை எடுத்தாள்.

கொஞ்சம் மட்டும் பிரித்தால் புதுத் தையலும் பழைய தையலும் ஒன்றோடொன்று ஒட்டாது, பிரிப்பதென்றால் மொத்தமும் பிரிக்க வேண்டும் என்பது தொழிற்சாலையில் படித்த பாடம். விரிப்பைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, வரிசையாக நூலை வெட்டிக்கொண்டே போனாள். ரேடியோவில் ஏதோ பாட்டு. கூடவே முணுமுணுத்தாள். நாலரை மாத வேலை, அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடி பச்சை நூலாகக் குப்பைக் கூடைக்குப் போனது. வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக ஏழு இலையும் போட்டு முடித்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சந்தோஷமாகவே காகிதத்தில் சுற்றி வைத்தாள். அக்காவுக்கும் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளே, அதை என்னவென்று சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாத்தனார், அவள் புருஷன், பக்கத்து வீட்டுத் தம்பதி எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். பெரியவள் பொட்டலத்தை யாரையும் தொடவிடவில்லை. வலது கையாலேயே காகிதத்தைக் கிழித்தாள். விரிப்பைப் பிரிப்பதற்குள் பேசவும் தொடங்கிவிட்டாள்.

"யாரும் சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன். இந்தப் பக்கம் என்னோடது. மொதல்ல இந்த இலையைப் பாருங்க. குடிச்சவன் போட்ட மாதிரி இருக்கும். மூணு வாரம் போட்டேன். அப்படியே ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டே வாங்க. கடைசி இலைக்கு வரும்போது என் கை எப்படி…"

விரிப்பு மேசைமேல் விழுந்தது. பெரியவளின் விரல் முதல் இலையில் இருந்தது. அந்த விரல் இரண்டாவதுக்குப் போனது, மூன்றாவதுக்குப் போனது. பிறகு நின்றுவிட்டது.

சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா அந்தக் கோணலை மறைக்க நினைக்கவே இல்லை. ஊர் கூட்டிக் காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறாள். காதுமடல் வரை சூடேறியது.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "எது கோணல்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு அண்ணி! எது யார் போட்டதுன்னே தெரியலையே."

பெரியவள் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு சிரித்தாள்.

"ரெண்டு பக்கமும் இவ கைவேலைதான். நான் சும்மா பக்கத்துல உக்காந்து கதை பேசிட்டிருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "அதானே பார்த்தேன்" என்றான் நாத்தனார் புருஷன். பக்கத்து வீட்டுக்காரி சின்னவளின் கையைப் பிடித்து, தங்கக் கை என்றாள். சின்னவள் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இருவரும் ஒரே இருக்கை. புருஷன்மார் பின்னால். பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"அக்கா, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்…"

"என்னையா, உன்னையா?"

இரண்டு நிறுத்தம் கழித்துப் பெரியவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நூலை என்ன பண்ணின?"

"குப்பையில… போயிடுச்சுக்கா."

"சரி, அது போகட்டும். கடைசி இலை எப்படி இருந்துச்சு? எனக்கு நேராத்தான் வந்த மாதிரி இருந்துச்சு. ஆனா நான் போட்டதை நானே நம்பினா ஆச்சா? கவுண்டருக்கு வரேனா, வரலியான்னு நாளைக்குக் கடிதம் எழுதிக் குடுக்கணும். நீ செக்கிங் ஆளு. நீ நல்லா இருந்துச்சுன்னா நல்லா இருந்துச்சு, இல்லைன்னா இல்லை. சொல்லு."

அருமையா இருந்துச்சுக்கா என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. முதல் இரண்டு இலையைத்தான் முன்பக்கம் பார்த்து ஒதுக்கினாள். மற்றதையெல்லாம் பின்பக்கமாகவே வெட்டினாள். ஏழாவது இலை நேராக இருந்ததா, கோணலாக இருந்ததா என்று இனி இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ள இடமிருந்தால் புகுந்திருப்பாள்.

"நான் பார்க்கலைக்கா."

பெரியவள் முகத்தைத் திருப்பினாள்.

"பார்க்காமலேவா பிரிச்ச?"

சின்னவள் ஆமென்று தலையை ஆட்டினாள். கண்ணீர் வந்தது. அழுவதற்குக்கூட யோக்யதை இல்லை என்று தோன்றி, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அவர்கள் நிறுத்தம் வந்தது. சின்னவள் முதலில் இறங்கி, வழக்கம்போலக் கையை நீட்டினாள். பெரியவள் அதைப் பிடிக்கவில்லை. வாசல் கம்பியில் வலது கையை வைத்து, விரல் விரலாக மடக்கிப் பிடித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பெரியவள் அவசரப்படாமல் ஒரு படி, இன்னொரு படி இறங்கினாள். தரைக்கு வந்ததும் சின்னவளிடம் சொன்னாள்.

"இதையாவது பார்த்தியா?"